மூழ்காத தேக்கு

எங்கள் அனந்தபுரத்தில் கடல் இல்லை. ஆனால் தச்சரான என் தந்தை, பழைய வீட்டுத் தேக்கு நிலையைத் தட்டிப் பார்த்து, "இது பேரன் காலத்துக்கும் வரும்" என்பார். அதன் பொருள் 'டிரிங்கோமலி' கப்பலைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஈழத்துத் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய அந்தப் பிரிட்டிஷ் பாய்மரப் போர்க்கப்பல் பிறந்தது நம் பம்பாயில். நெப்போலியனோடு நடந்த போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிப் போயிற்று. எனவே பார்சி இனத்தவரான ஜம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியாவின் மேற்பார்வையில், மலபார்த் தேக்கினால் கட்டி, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கினார்கள். முதலில் இதன் வரைபடத்தைக் கொண்டுவந்த 'ஜாவா' கப்பலை 1812இல் அமெரிக்கர் வீழ்த்தியதால், வேறு படி வரும்வரை காத்திருக்க நேர்ந்தது!

ஓக்கிலுள்ள அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப்பசையோ ஆணியைக் காக்கும். கரையானையும் எளிதில் அண்டவிடாது. வேதியியலை இப்படித் தொடங்கியிருந்தால் கடைசி வரிசையில் நான் கண்ணயர்ந்திருக்க மாட்டேன்.

கப்பல் முடிந்தபோது போரும் முடிந்திருந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் போர்ட்ஸ்மவுத்தில் சும்மா கிடந்தது. பிறகு மேற்கிந்தியத் தீவுகள், பசிபிக் எனச் சுற்றியது. 1897இல் உடைப்பதற்கே விற்றுவிட்டார்கள். வீட்லி காப் என்பவர் வாங்கிக் காப்பாற்றி, 'ஃபூட்ராயன்ட்' எனப் பெயர் மாற்றினார். 1986 வரை இளைஞர்கள் அதில் பயிற்சி பெற்றனர். ஹார்ட்டில்பூலில் 2001இல் சீரமைப்பு முடிந்தது; பழைய பெயரும் திரும்பியது. பிரிட்டனில் இன்றும் மிதக்கும் போர்க்கப்பல்களில் இதுவே மூத்தது.

தந்தையிடம் சொன்னேன். "எந்தக் காட்டு மரம்?" என்று மட்டும் கேட்டார். மலபார் என்றேன். தலையசைத்துவிட்டு இழைப்புளியை எடுத்தார்.