சிஸ்டர் கேட்ட நாலு கேள்வி

சித்தப்பா காபி டம்ளரை எடுத்தார். பாதி காபி வேட்டியில்!

‘‘வயசாச்சு, கை நடுங்குது’’ என்றாள் சித்தி. மூன்றாம் நாள் நடை தள்ளாடியது. பேச்சு குழறியது. எதிர்வீட்டுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, ‘‘சாயங்காலத்துல சார் எங்கேயாவது போயிட்டு வர்றாரோ?’’ என்று கட்டை விரலை வாய்க்கு நேரே சாய்த்துக் காட்டினார். மோரைத் தவிர வேறெதுவும் தொடாத மனுஷன் சார் அவர்!

சித்தப்பாவுக்குப் பதினாலு வருஷமாக லித்தியம் மாத்திரை. அதற்கு முன்னால், ராத்திரி பகல் தூக்கமில்லாமல் உற்சாகம் தலைக்கேறி, வீட்டை விற்று ஓட்டல் வைக்கக் கிளம்புவார். அப்புறம் மாதக்கணக்கில் போர்வைக்குள் முடங்குவார். ‘பைபோலார்’ என்கிற இருமுனைக் கோளாறு. மாத்திரை வந்த பிறகுதான் ஒழுங்காக ஆபீஸ் போய், ரிடையரும் ஆனார்.

‘பழைய வியாதி திரும்பிடுச்சு’ என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ‘‘மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிக் குடுத்தா என்ன?’’ என்று வழியில் யோசனை சொன்னவன் அடியேன். பி.காம். மூளை!

வார்டு நர்ஸ், சித்தப்பாவை இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு சித்தியிடம் நாலே கேள்வி.

‘‘சாப்பாட்டுல உப்பைக் குறைச்சீங்களாம்மா?’’

‘‘ஆமா சிஸ்டர்... பி.பி. இருக்குன்னு பதினஞ்சு நாளா உப்பே போடறதில்லை.’’

‘‘வலி மாத்திரை ஏதாவது?’’

‘‘முழங்கால் வலிக்கு இவன்தான் கடையில கேட்டு வாங்கித் தந்தான்.’’

அந்த ‘இவன்’ நான்தான். தரையைப் பார்த்தேன்.

‘‘வாந்தி, வயித்துப்போக்கு?’’

‘‘ரெண்டு நாளா வயித்துப்போக்கு.’’

‘‘கடைசியா எப்ப லித்தியம் சாப்பிட்டார்?’’

‘‘காலையில எட்டு மணிக்கு.’’

‘‘டாக்டர் பார்க்கற வரைக்கும் அடுத்த மாத்திரை வேண்டாம்’’ என்று சொல்லிவிட்டு போனை எடுத்தார்.

ரத்தத்தில் லித்தியம் சாதாரணமாக 0.6 முதல் 1.0 வரை இருக்கலாம். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. சித்தப்பாவுக்கு 2.1! என் யோசனைப்படி கூட்டிக் கொடுத்திருந்தால்... நினைக்கவே நடுங்கியது, இப்போது என் கை.

ராத்திரி, சலைன் இறங்கிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் விளக்கினார். ‘‘கிட்னிக்கு லித்தியத்துக்கும் உப்புல இருக்கற சோடியத்துக்கும் வித்தியாசம் சரியாத் தெரியாது சார். உப்பு குறைஞ்சா, இருக்கறதை விடக்கூடாதுன்னு பிடிச்சு வெச்சுக்கும். கூடவே லித்தியத்தையும் பிடிச்சுக்கும். வயித்துப்போக்குல தண்ணி போனாலும் அப்படித்தான். புரூஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைங்களும் லித்தியத்தை வெளியே போக விடாது.’’

எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னால்... வரவு அதேதான், செலவு நின்றுவிட்டது, பாக்கி ஏறிக்கொண்டே போனது!

இந்த மருந்துக்கும் உப்புக்கும் பழைய பகை. ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட், கினி பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, தானும் விழுங்கிப் பார்த்து, மனநோயாளிகளுக்கு லித்தியம் உதவுவதாக எழுதியது 1949-ல். அதே வருஷம் அமெரிக்காவில், உப்பைக் குறைக்க வேண்டிய இதய நோயாளிகள் உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடைச் சாப்பாட்டில் தூவிக்கொண்டார்கள். சிலர் இறந்தே போனார்கள். அந்தச் சரக்கைக் கடைகளிலிருந்து வாரி எடுத்தார்கள். அங்கே லித்தியம் மருந்தாக அனுமதி பெற்றது 1970-ல்தான்!

‘‘அப்ப இந்த மாத்திரையே வேண்டாமே சிஸ்டர்?’’ என்றேன்.

‘‘ஐயோ, நீங்களா நிறுத்திடாதீங்க சார்! பழைய வியாதி திரும்பிடும். அப்பப்ப ரத்தம் டெஸ்ட் பண்ணணும். கடைசி மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழிச்சு எடுத்தாத்தான் கணக்கு சரியா வரும். உப்பையும் தண்ணியையும் திடீர்னு கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். எந்த மருந்து வாங்கினாலும் ‘லித்தியம் சாப்பிடறவருக்கு’ன்னு சொல்லி வாங்குங்க.’’

பத்தாவது நாள் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். டாக்டர் அளவைக் குறைத்து மறுபடி லித்தியம் ஆரம்பித்திருந்தார். காபி டம்ளரை எடுத்தார்... ஒரு சொட்டு சிந்தவில்லை. உப்புமாவை வாயில் போட்டுவிட்டுச் சித்தியைப் பார்த்தார்.

‘‘அடியே... இன்னிக்குத்தான் உப்புமாவுல ‘உப்பு’ இருக்கு!’’

சித்தி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிஸ்டரின் நாலு கேள்விகளும் இப்போது எங்கள் வீட்டுக் காலண்டரில், அவள் கையெழுத்தில்.