ஊர் இணையத்தளங்கள்: மென்பொருளைத் தெரிவு செய்யுமுன்

ஊருக்கு ஒரு கோயில், ஒரு பாடசாலை, ஒரு சனசமூக நிலையம் என்றிருந்த எமது கிராமங்கள் பலவற்றுக்கு, 2000 ஆம் ஆண்டை அடுத்து வந்த காலப்பகுதியிலே ஊருக்கு ஓர் இணையத்தளமும் வந்து சேர்ந்தது. போரினால் இடம்பெயர்ந்தும் புலம்பெயர்ந்தும் நாடுகள் தோறும் சிதறிய மக்கள், தமது ஊரின் திருவிழாப் படங்களையும் மரண அறிவித்தல்களையும் பாடசாலையின் பரீட்சைப் பெறுபேறுகளையும் ஒரே இடத்தில் காண்பதற்கு அத்தளங்களே வழி செய்தன. ஆயினும் அன்று அமைக்கப்பட்டவற்றுள் எத்தனை இன்றும் திறக்கின்றன என்று தேடிப் பார்ப்போருக்கு ஏமாற்றமே மிஞ்சும். இலவச இடந்தந்த ஜியோசிற்றீஸ் சேவையை யாகூ நிறுவனம் 2009 ஒக்டோபரில் மூடியபோது ஒரு தொகுதி அழிந்தது. எஞ்சியவற்றுட் பல, மூடுவார் எவருமின்றியே மூடிக்கொண்டன.

இன்று மீண்டும் பல சங்கங்களும் பழைய மாணவர் அமைப்புக்களும் இணையத்தளம் அமைக்கும் முயற்சியில் ஈடுபட்டுள்ளன. நிருவாக சபைக் கூட்டங்களில் எழுகின்ற முதற் கேள்வி, எந்த மென்பொருள் சிறந்தது என்பதாகவே இருக்கின்றது. அக்கேள்விக்கு நேரடியாக விடை கூறுவதற்கு முன்னர், ஐந்து வருடங்களின் பின்னர் இதனைப் பராமரிக்கப் போகின்றவர் யார் என்ற இன்னொரு கேள்விக்கு விடை தேடுவது அவசியம் என்பதே எமது கருத்தாகும். மென்பொருட் தெரிவு இதன் விடையிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

உள்ளடக்க முகாமைத்துவ முறைமை எனப்படுவது யாது என்பதைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். ஆரம்ப காலத்து இணையத்தளங்களில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கோப்பாக எழுதப்பட்டது. ஒரு செய்தியைச் சேர்ப்பதற்கும் எச்.ரி.எம்.எல். குறிமுறை அறிந்த ஒருவர் வேண்டும். அவருடைய கணினியும் வேண்டும். முகாமைத்துவ முறைமையிலோ எழுத்துக்கள் யாவும் ஒரு தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகின்றன. பக்கத்தின் தோற்றம் வார்ப்புரு என்ற பெயரில் வேறாக நிற்கின்றது. கடவுச்சொல் வழங்கப்பட்ட எவரும், உலகின் எப்பாகத்திலிருந்தும், கைத்தொலைபேசி மூலமாகவேனும் ஒரு செய்தியை எழுதி வெளியிட முடியும். சங்கத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகத்தைப் போன்றது இது: செயலாளர்கள் மாறுவர், புத்தகம் தொடரும். ஆனால் பழைய செயலாளர் புத்தகத்தைக் கையளிக்க வேண்டும் என்ற நிபந்தனை இரண்டுக்கும் பொதுவானது.

இன்னொரு விடயத்தையும் பலர் கவனிப்பதில்லை. பழைய எச்.ரி.எம்.எல். பக்கம் எழுதியபடியே கிடக்கும். அதற்குப் பராமரிப்பு அதிகம் தேவையில்லை. முகாமைத்துவ முறைமை அத்தகையதன்று. அது வழங்கிக் கணினியில் இடையறாது இயங்கும் ஒரு நிரல். அதில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும். அவற்றை அடைக்கும் இற்றைப்படுத்தல்கள் வெளியாகும். அவற்றை யாராவது நிறுவ வேண்டும். கிணற்றை வெட்டுவதற்கு ஊரே கூடும், ஆண்டு தோறும் இறைத்துத் துப்புரவு செய்வதற்கு ஆள் தேட வேண்டும். ட்ரூபல் மென்பொருளில் 2014 ஒக்டோபர் 15 ஆம் திகதி பாரதூரமான ஒரு குறைபாடு அறிவிக்கப்பட்டது. அறிவித்தல் வெளியாகி ஏழு மணித்தியாலங்களுக்குள் திருத்தத்தை நிறுவாத தளங்கள் யாவும் ஊடுருவப்பட்டுவிட்டதாகவே கருதப்பட வேண்டும் என்று அம்மென்பொருளின் பாதுகாப்புக் குழுவே பின்னர் எச்சரித்தது. ஏழு மணித்தியாலம் என்பது எமது சங்கங்களில் ஒரு மின்னஞ்சலை ஒருவர் திறந்து பார்ப்பதற்கே போதாத நேரம்.

பரவலாகப் பேசப்படும் மூன்று மென்பொருள்களின் வரலாறும் இங்கு நோக்கத்தக்கது. மூன்றும் இலவசமானவை, மூன்றும் ஜி.பி.எல். எனப்படும் திறந்த மூல உரிமத்தின் கீழ் வெளியிடப்படுபவை. பெல்ஜியத்தைச் சேர்ந்த டிறீஸ் பைற்றேர்ட் 2001 இல் ட்ரூபலை வெளியிட்டார். ஜூம்லா 2005 இல் தோன்றியது. அதற்கு முன்னர் மம்போ என்ற மென்பொருளை உருவாக்கி வந்தவர்கள், அதன் நிருவாகம் தொடர்பாக எழுந்த பிணக்கினால் கூட்டாக வெளியேறி, அதே மூல நிரலை எடுத்து வேறு பெயரில் தொடர்ந்தனர். ‘எல்லோரும் ஒன்றாக’ என்ற பொருள் தரும் சுவாஹிலி மொழிச் சொல்லிலிருந்து ஜூம்லா என்ற பெயர் பிறந்தது.

வேர்ட்பிரஸ் தோன்றிய கதையோ எமது சங்கங்களின் கதையை அப்படியே ஒத்தது. பி2 என்ற ஒரு சிறிய மென்பொருளை அதனை எழுதியவர் கவனியாது விட்டுவிட்டார். மாதக்கணக்கில் இற்றைப்படுத்தல் எதுவும் வரவில்லை. அதனைப் பாவித்து வந்தவர்களான அமெரிக்காவின் மற் முலன்வெக், இங்கிலாந்தின் மைக் லிற்றில் ஆகிய இருவரும் அந்நிரலை எடுத்துத் திருத்தி 2003 மே மாதத்தில் வேர்ட்பிரஸ் என்ற பெயரில் வெளியிட்டனர். எழுதியவர் விட்டுச் சென்றாலும் பிறர் எடுத்துத் தொடரலாம் என்று உரிமம் இடமளித்திருந்தமையே அதனைச் சாத்தியமாக்கியது. இன்று உலகின் இணையத்தளங்களுள் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவை அதிலேயே இயங்குகின்றன.

எண்ணிக்கையில் முன்னிற்பதனால் மாத்திரம் வேர்ட்பிரஸ் சிறந்ததாகிவிடாது. எனினும் ஒரு சிறு சங்கத்துக்கு அந்த எண்ணிக்கையே பெரும் பயனாகும். இருக்கின்ற பொறுப்பாளர் விலகினால் அடுத்த பொறுப்பாளரை ஊருக்குள்ளேயே தேடிப் பிடிக்கலாம் என்பதே அப்பயன். 2013 இல் வெளியான 3.7 பதிப்பு முதல் சிறிய பாதுகாப்புத் திருத்தங்களை அது தானாகவே நிறுவிக் கொள்கின்றது. பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறும்போது எழுதியவை பெரும்பாலும் குலையாது நிற்கின்றன. இதற்கு மாறாக ட்ரூபல் 7 இலிருந்து 8 இற்கு மாறுவதென்பது வீட்டைத் திருத்துவதன்று, இடித்துக் கட்டுவது. 2011 இல் வெளியான அந்த 7 ஆம் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரியில் முடிவுற்றது. ஜூம்லாவின் 3 ஆம் பதிப்புக்கு 2023 ஓகஸ்ற்றிலேயே அந்நிலை ஏற்பட்டது. இவற்றில் நின்றுபோன தளங்களை வைத்திருக்கும் சங்கங்கள், புதிய அழகு தேடுவதற்கு முன்னர் உள்ளதை மாற்றிக் காப்பதே முறையாகும்.

இதனால் மற்றைய இரண்டும் பயனற்றவை என்று நாம் கூறவில்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் ஒரே பக்கத்தை வெளியிட வேண்டிய பொது அமைப்பொன்று இருக்குமாயின், ஜூம்லாவும் இன்றைய ட்ரூபலும் பன்மொழி வசதியைத் தம்முள்ளேயே கொண்டிருக்கின்றன. வேர்ட்பிரஸுக்கோ அதற்கென வேறு செருகுநிரல் வேண்டும். எழுதுபவர், திருத்துபவர், அனுமதிப்பவர் எனப் பல படிநிலைகள் உள்ள பெரிய நிறுவனத்துக்கு ட்ரூபல் பொருந்தும். ஆனால் சம்பளம் கொடுத்து ஒருவரை அமர்த்தும் வல்லமை அந்த நிறுவனத்துக்கு இருத்தல் வேண்டும். வேர்ட்பிரஸிலும் ஆபத்து இல்லாமலில்லை. அதன் மையப் பகுதியைக் காட்டிலும் செருகுநிரல்களிலேயே பெரும்பாலான ஓட்டைகள் கண்டறியப்படுகின்றன. கொடி பறப்பதற்கும் பனி பொழிவதற்கும் செருகுநிரல் சேர்க்கும் ஆசையைப் பொறுப்பாளர்கள் அடக்கிக் கொள்வார்களாக.

வழங்கியை வாடகைக்கு எடுத்துப் பராமரிக்க ஆளே இல்லாத சங்கம் என்ன செய்வது? வேர்ட்பிரஸ் டொட் கொம், கூகிளின் புளொகர் போன்ற சேவைகளில் இலவசமாகவே இடம் பெறலாம். இற்றைப்படுத்தும் வேலை அவர்களுடையது. விளம்பரம் தோன்றுதல், விரும்பியபடி மாற்ற முடியாமை போன்ற குறைகள் உண்டு. ஆயினும் எழுதியவற்றை ஒரு கோப்பாக இறக்கி எடுத்துக்கொள்ளும் வசதி இவ்விரண்டிலும் இருக்கின்றது. ஜியோசிற்றீஸ் மூடப்பட்ட அனுபவமுள்ள நாம் அந்த வசதியை மறவாது பயன்படுத்த வேண்டும்.

செய்தி வெளியிடுவதன்றி ஊரின் வரலாற்றையும் ஆவணங்களையும் திரட்டுவதே நோக்கமாயின் நிலைமை வேறு. திகதி வரிசையில் செய்திகளை அடுக்கும் மென்பொருளில், நாற்பது வருடத்துக்கு முந்திய பாடசாலை மலர் ஒன்று ஆழத்தில் அமிழ்ந்துவிடும். விக்கிப்பீடியா இயங்குகின்ற மீடியாவிக்கி, ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்போது செய்தார் என்பதோடு சேமித்து வைக்கின்றது; பக்கங்களை ஒன்றோடொன்று இணைக்கின்றது. 2005 இல் தொடங்கப்பட்டு ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் தந்துவரும் நூலகம் தளம் மீடியாவிக்கியைக் கொண்டு கட்டியெழுப்பப்பட்டதே. எமது சங்கங்கள் தமது பழைய மலர்களைத் தமது தளத்தில் மாத்திரம் பூட்டி வைக்காது அத்தகைய பொதுச் சேகரிப்புக்கும் ஒரு பிரதி கொடுத்தல் நன்று. ஒன்று போனாலும் மற்றது நிற்கும்.

தமிழ் எழுத்துத் தொடர்பான சிக்கல் எமக்கே உரியது. பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட பழைய பக்கங்கள் திரையில் தமிழாகத் தோன்றினும் கணினியின் கணக்கில் அவை வெறும் ஆங்கில எழுத்துக்களே. எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றை வாசிக்க முடியாது. தேடுபொறிக்கும் அவை அகப்படா. அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றிய பின்னரே புதிய முறைமைக்குள் இட வேண்டும். மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலமும் தமிழும் கலந்த பந்திகளில் மட்டும் மனிதக் கண் வேண்டும். இல்லாவிடின் ஆங்கிலப் பெயர்களெல்லாம் பொருளற்ற தமிழ் எழுத்துக்களாகிவிடும். யூனிகோட்டில் எழுதப்பட்டவையும் முழுப் பாதுகாப்பானவை என்பதற்கில்லை. பழைய தரவுத்தளங்கள் சில லத்தீன் எழுத்துக்கான அமைப்பில் உருவாக்கப்பட்டவை. ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்கு அவற்றை மாற்றுகையில் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறிய சம்பவங்கள் உண்டு. பழைய வழங்கியை மூடுவதற்கு முன்னர் புதியதில் பத்துப் பக்கங்களையேனும் திறந்து வாசித்துப் பார்த்தல் வேண்டும்.

இனி, நாம் நேரிற் கண்ட ஒரு சங்கத்தின் அனுபவத்தைக் கூறலாம். வடக்கிலுள்ள அவ்வூரின் தளத்தை ஐரோப்பிய நாடொன்றில் வாழ்ந்த இளைஞர் ஒருவர் தமது ஓய்வு நேரத்தில், தமது கைப்பணத்தில் அமைத்துக் கொடுத்தார். அவரது சேவை மனப்பான்மை பாராட்டுக்குரியது. ஆள்களப் பெயர் அவருடைய தனிப்பட்ட மின்னஞ்சலிலே பதியப்பட்டது. வாடகை அவருடைய கடனட்டையிலிருந்து சென்றது. கடவுச்சொல்லை வேறெவரும் அறிந்திருக்கவில்லை. கேட்பதுகூட அவர்மீது நம்பிக்கையின்மையைக் காட்டுவதாகிவிடும் என்று எவரும் கேட்கவுமில்லை. சில வருடங்களில் அவருக்குத் திருமணமாகிக் குழந்தைகள் பிறந்தன, வேலை மாறியது, மின்னஞ்சல் முகவரியும் மாறியது. புதுப்பிக்குமாறு கோரும் அறிவித்தல்கள் யாவும் எவரும் திறவாத பெட்டிக்குச் சென்றன. ஆள்களப் பெயர் காலாவதியாகி, அதனை வேறொருவர் வாங்கியபோது, ஊர்க் கோயிலின் கோபுரம் நின்ற முகப்பிலே சூதாட்ட விளம்பரம் தோன்றியது. அந்தத் தளம் இயங்கிய மென்பொருள் மிக நல்லதே.

எனவே, ஆள்களப் பெயரைச் சங்கத்தின் பெயரில், சங்கத்துக்கென ஏற்படுத்திய மின்னஞ்சலில் பதிவு செய்தல் வேண்டும். கடவுச்சொற்களை நிருவாக சபையில் இருவராவது அறிந்திருத்தல் வேண்டும். கட்டணம் பற்றியும் முன்கூட்டியே சிந்தித்தல் நல்லது. 2022 இல் எமது நாட்டின் நெருக்கடியின்போது, மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. டொலரில் வாடகை செலுத்திய உள்ளூர்ச் சங்கத்துக்கு அதே சேவையின் விலை இரண்டரை மாதங்களில் முக்காற் பங்கு கூடிவிட்டது. பணமிருந்தும் அதனை வெளிநாட்டுக்கு அனுப்புவது அக்காலத்தில் இலகுவாக இருக்கவில்லை. மூன்று அல்லது ஐந்து வருடங்களுக்கு ஆள்களப் பெயரை ஒரேயடியாகப் புதுப்பித்து வைப்பது இத்தகைய அதிர்ச்சிகளைச் சற்றுத் தணிக்கும்.

முகநூலும் வட்ஸ்அப்பும் இருக்கையில் இவ்வளவு சிரமம் ஏன் என்று வினவுவோரும் உளர். செய்தியை உடனடியாகப் பரப்புவதற்கு அவையே வல்லவை. அதில் இணையத்தளம் அவற்றுடன் போட்டியிட முடியாது. ஆனால் ஆறு வருடங்களுக்கு முன்னர் காலமான ஆசிரியர் ஒருவரைப் பற்றி அவரது மாணவர் எழுதிய கட்டுரையை ஒரு வட்ஸ்அப் குழுவில் தேடி எடுத்துப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு விளங்கும்.

அங்கத்தவர் விபரங்கள் குறித்தும் ஒரு வார்த்தை. பிறந்த திகதி, முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கோரும் படிவங்களைச் சேர்ப்பது எல்லா மென்பொருளிலும் எளிது. சேர்த்தவற்றைக் காப்பது எளிதன்று. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டுள்ள நிலையில், சந்தாப் பட்டியலைத் தளத்தில் வைக்காது பொருளாளரிடமே விட்டுவைப்பது உத்தமம்.

முன்னர் குறிப்பிட்ட சங்கம் பின்னர் வேறொரு பெயரில், வேர்ட்பிரஸில், மூன்றே செருகுநிரல்களுடன் புதிய தளம் ஒன்றைத் தொடங்கியது. மாதந்தோறும் எடுக்கப்படும் பிரதியொன்று ஊர் வாசிகசாலைக் கணினியிலும், இன்னொன்று வெளிநாட்டுக் கிளையினரிடமும் உள்ளது. பொறுப்பாளர் மாறும் வருடத்தில், கணக்கறிக்கையோடு கடவுச்சொற்கள் அடங்கிய உறையும் பொதுக்கூட்டத்திலே கையளிக்கப்படுகின்றது. பழைய தளத்தின் பக்கங்கள் சிலவற்றை இன்ரநெற் ஆர்க்கைவ் நிறுவனத்தின் வேபாக் மெஷின் சேகரித்து வைத்திருந்தது. அவற்றைத் தேடியெடுத்துப் பாமினியிலிருந்து மாற்றுவதற்கு இரண்டு உயர்தர மாணவிகளுக்குப் பாடசாலை விடுமுறை முழுவதும் தேவைப்பட்டது. எழுத்துக்களில் பெரும்பகுதி மீண்டுவிட்டது. படங்கள் மீளவில்லை. 1990 களில் இடிந்த பழைய வாசிகசாலைக் கட்டிடத்தின் படம் வைத்திருப்போர் தந்துதவுமாறு கோரும் அறிவித்தல் புதிய தளத்தின் முகப்பில் இன்னமும் இருக்கின்றது.