மின்னலும் ஏரியலும்

கோவளத்தில் கடற்கரையையொட்டி ஒரு மாடி வீடு. மாடியில் ஒரு மூங்கில் கழி. அங்கிருந்து எதிரிலுள்ள தென்னை வரை சுமார் 20 மீட்டர் நீளச் செம்புக்கம்பி. 7 மெகாஹெர்ட்ஸில் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பேசுவதைக் கேட்க இந்த ஏரியல் தாராளமாகப் போதும். ஐப்பசி மாலையொன்றில் அரைக் கிலோமீட்டர் தள்ளி மின்னல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏரியலை அது தொடவே இல்லை. ஆனாலும் ரிசீவர் ஊமையாகிவிடலாம். எப்படி?

பாடத்தில் படித்த மின்காந்தத் தூண்டலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மின்னலில் பல்லாயிரம் ஆம்பியர் மின்னோட்டம் சில மைக்ரோ செகண்டுகளில் எழுந்துவிடுகிறது. மின்னல் முதன்மைச் சுற்று. நம் ஏரியல் துணைச் சுற்று! அதில் தூண்டப்படும் மின்னழுத்தத்தை ரிசீவரின் முதல் டிரான்சிஸ்டர் தாங்காது.

கம்பியை வீட்டுக்குள் அப்படியே கொண்டுவருவது உயிருக்கும் ஆபத்து. 1753-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஜார்ஜ் ரிக்மன் என்ற இயற்பியலார், கூரையில் நட்ட இரும்புக்கழியிலிருந்து அறைக்குள் கம்பி இழுத்து இடிமேகத்தின் மின்சாரத்தை அளக்க முயன்றார். அது எர்த் செய்யப்படாத கம்பி. அதிலிருந்து பாய்ந்த மின்பொறி அவர் நெற்றியில் தாக்கியது, அங்கேயே இறந்தார்.

எனவே, கம்பி சுவரைக் கடக்குமுன், வெளியிலேயே மின்சாரத்துக்கு மண்ணில் இறங்க ஒரு வழி வேண்டும். அந்த இடத்தில் ஏரியலுக்கும் எர்த்துக்கும் இடையே சிறிய மின்னிறக்கக் குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். சாதாரண வேளையில் அது மின்கடத்தாப் பொருள். சுமார் 90 வோல்ட்டைத் தாண்டினால் உள்ளிருக்கும் வாயு அயனியாகிக் கதவைத் திறந்துவிடும்.

எர்த் கம்பியை அழகாக வளைத்துச் சுருட்டி வைப்பவர்கள் உண்டு. வேண்டாம்! நேரான கம்பிக்கே மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி தன்தூண்டல் எண் இருக்கிறது. 1,000 ஆம்பியர் ஒரு மைக்ரோ செகண்டில் எழுந்தால் மீட்டருக்கு 1,000 வோல்ட்! கம்பி குட்டையாக, நேராக, தடிமனாக இருக்கட்டும்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று இனித்தான். ஏரியலுக்கென்று தனியாக ஒரு எர்த், வீட்டு மின்சாரத்துக்கு வேறொரு எர்த். முதல் எர்த்தின் மின்தடை 10 ஓம் என்றால், அதே 1,000 ஆம்பியரில் அது 10,000 வோல்ட்டுக்கு உயர்ந்துவிடும். மற்றதோ கிட்டத்தட்ட பூஜ்யத்தில் நிற்கும். இரண்டுக்கும் நடுவே பாலமாக மாட்டிக்கொள்வது ரிசீவர்தான். இரண்டு எர்த்தையும் தடித்த செம்புக்கம்பியால் இணைத்துவிட்டால் எல்லாம் சேர்ந்தே உயரும், சேர்ந்தே தாழும்.

கோவளத்தின் காய்ந்த மேல்மணல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. எர்த் கழி ஈரமண்ணைத் தொடும்வரை இறங்க வேண்டும். உப்புக்காற்று இணைப்புகளை அரித்துவிடுமாதலால் ஆண்டுதோறும் புரட்டாசியிலேயே அவற்றைச் சுரண்டிச் சுத்தம் செய்து முறுக்கிவிடுங்கள்.

நேரடியாக மின்னல் விழுந்தால் எந்தக் குழாயும் ரிசீவரைக் காப்பாற்றும் என்று நம்பமுடியாது. ஆகவே மழைமேகம் திரளும்போதே ஏரியலையும் மின்சார பிளக்கையும் கழற்றிவிட வேண்டும். கழற்றிய ஏரியல் முனையை மேசைமேல் விடாமல், ஜன்னலுக்கு வெளியே எர்த்துடன் இணைத்துவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 செகண்டுக்குள் வந்துவிட்டதா? மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு கம்பியைத் தொடவே தொடாதீர்கள்.