சித்திரை வெயிலிலும் உருகாத டார்ட்

1881ஆம் ஆண்டு. ஜெர்மானிய மருத்துவர் வால்தர் ஹெஸ்ஸே காற்றில் மிதக்கும் நுண்ணுயிரிகளைப் பிடித்து வளர்க்கும் ஆராய்ச்சியில் இருந்தார். அவை வளர்வதற்கான தளம் ஜெலட்டின். கோடை வந்தால் அது உருகி ஓடியது. போதாக்குறைக்கு, சில பாக்டீரியாக்கள் அதையே தின்று நீர்த்துப்போகச் செய்தன. ஆய்வகம் திணறிக்கொண்டிருந்தபோது, அவருடைய மனைவி ஃபேனியின் ஜெல்லியும் புட்டிங்கும் மட்டும் அந்த வெயிலிலும் அசையாமல் நின்றன. என்ன சேர்க்கிறாய் என்று கேட்டார். அகர் அகர் என்றார் ஃபேனி. ஜாவாவில் வாழ்ந்துவிட்டு நியூயார்க்குக்கு வந்த டச்சுக்காரர்களிடம் இளம் வயதில் கற்றுக்கொண்ட கைப்பக்குவம் அது. செய்தி பாக்டீரியா ஆய்வாளர் ராபர்ட் கோக்கிடம் போனது. 1882இல் வெளியான அவருடைய காசநோய்க் கிருமிக் கட்டுரையில் அகர் இடம்பெற்றது. ஃபேனியின் பெயர் இடம்பெறவில்லை.

அந்த அகர்தான் நம் ஊர்க் கடல்பாசி. மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டாலும் தருவார்கள். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கக் காத்திருக்கும் தட்டுகளில் துண்டு துண்டாக மின்னும். ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் தயாரிக்கப் போகின்றன. பால், வெண்ணெய், முட்டை எதுவும் சேர்க்காத வீகன் டார்ட்டை வீட்டில் செய்ய நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்.

வீகன் இனிப்பு என்றால் ‘அது இல்லை, இது இல்லை’ என்று குறைப்பட்டுக்கொண்டு தின்பது என்ற எண்ணம் பலருக்கு. டார்ட்டைப் பொறுத்தவரை எனக்கு அதில் உடன்பாடில்லை. வெண்ணெயும் முட்டையும் ஜெலட்டினும் குளிர்தேசத்துச் சமையலறைக்கு ஏற்றவை. நம் வெயிலுக்குத் தேங்காயும் சோளமாவும் கடல்பாசியும் தோதானவை. ஒரே ஒரு இடத்தில்தான் இடிக்கும்: கஸ்டர்டைத் தாங்கும் மைதா அடித்தட்டு.

மைதாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குளூட்டன் வலையாகின்றன. பரோட்டாவுக்கு அந்த வலை வேண்டும், டார்ட்டுக்கு வேண்டாம். தண்ணீருக்கு முன்னால் கொழுப்பு போய் மாவுத் துகள்களைப் போர்த்திவிட்டால், வலை பின்ன வழியில்லாமல் அடித்தட்டு மொறுமொறுவென்று உதிரும். வெண்ணெய் 32 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் முழுதாக உருகும். தேங்காயெண்ணெயோ 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அது எண்ணெயாகவே இருக்கும். அதை அப்படியே ஊற்றிப் பிசைந்தால் மாவு முழுக்க ஊறிப்போய், வெந்த பிறகு மணலாக உதிரும். தட்டை அச்சிலிருந்து முழுசாக எடுக்க முடியாது.

எனவே எண்ணெயை ஃப்ரிட்ஜில் வைத்து, கல்லாக இறுகுவதற்கு முன், களிம்புப் பதத்தில் எடுக்க வேண்டும். மாவையும் கூடவே குளிர வையுங்கள். 150 கிராம் மைதாவுக்கு 75 கிராம் எண்ணெய், 40 கிராம் நாட்டுச்சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. உள்ளங்கைச் சூடு படாமல் விரல்நுனியால் நிமிண்டி நிமிண்டிக் கலக்க வேண்டும். பதம் புட்டுமாவுப் பதம்தான்: பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் உண்டு, தேங்காயெண்ணெயில் இல்லை. அதை ஈடுகட்ட இரண்டு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர். திரட்டி அரை மணி நேரம் குளிரவிட்டு, அச்சில் பரப்பி, முள்கரண்டியால் குத்திவிட்டு, 180 டிகிரியில் 20 நிமிடம். வெண்ணெயில் இருக்கும் பால் புரதமும் பால் சர்க்கரையும் வழக்கமான டார்ட்டைப் பொன்னிறமாக்க உதவுபவை. அவை இல்லாத குறையை நாட்டுச்சர்க்கரை கொஞ்சம் மறைத்துவிடும்.

இனி நடுவில் நிரப்பும் கஸ்டர்ட். முட்டை இங்கே செய்கிற முக்கிய வேலை கெட்டிப்படுத்துவது. சூடு ஏற ஏற அதன் புரதம் இறுகி வலையாகும். கண் அசந்தால் திரிந்து பொரியலாகிவிடும். சோளமாவுக்கு அந்தப் பயம் இல்லை. அதன் மணிகள் 62 டிகிரிக்கு மேல் தண்ணீரைக் குடித்து உப்பத் தொடங்கும். நன்றாகக் கொதிநிலையை நெருங்கும்போதுதான் கூழ் முழுசாகக் கெட்டியாகும். பாதி வெந்த மாவு நாக்கில் சுண்ணாம்பு போல ஒட்டும், கவனம்.

தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரியும் என்பது பாயசம் வைக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். கொழுப்புத் துளிகளைச் சுற்றி நின்று அவற்றைப் பிரித்து வைத்திருக்கும் புரதம், சூட்டில் நிலைகுலைந்து கைவிட்டுவிடுவதே காரணம். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி அடுப்பை அணைக்கும் பழக்கம் இங்கும் கைகொடுக்கிறது. 250 மில்லி இரண்டாம் பாலில் 30 கிராம் சோளமாவு, 60 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், 2 கிராம் கடல்பாசித் தூள் சேர்த்துக் கிளறிக்கொண்டே இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். இறக்கிய பிறகு 150 மில்லி கெட்டியான முதல் பால். அவ்வளவுதான்.

கடல்பாசியின் விசித்திரம் இனிமேல்தான். கரைவதற்கு அதற்கு 85 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் ஆறும்போது 35, 40 டிகிரி வரை திரவமாகவே இருந்துவிட்டு அப்புறம்தான் உறையும். உறைந்த பிறகு மீண்டும் உருக வேண்டுமானால் பழையபடி 85 டிகிரியை எட்ட வேண்டும். நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு கற்றையாவதால் வரும் பிடிவாதம் அது. அதனால்தான் சித்திரை வெயிலிலும் டார்ட் தட்டில் அப்படியே நிற்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. பச்சை அன்னாசி, பப்பாளியிலுள்ள நொதிகள் புரதத்தை வெட்டுபவை, ஜெலட்டினைத் தண்ணீராக்கிவிடும். கடல்பாசி புரதம் இல்லை என்பதால் பழத்தைத் தாராளமாக அடுக்கலாம்.

உறையுமுன் கிடைக்கும் அந்த இடைவெளிதான் அலங்காரத்துக்கான நேரம். பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். சங்குப்பூ இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினால் ஆழ்ந்த நீலம். அதில் சர்க்கரையும் அரைக்கரண்டி கடல்பாசியும் போட்டுக் காய்ச்சி, சற்று ஆறியதும், இறுகிவிட்ட கஸ்டர்டின் மேல் மெல்லிய படலமாக ஊற்ற வேண்டும். படலம் உறையத் தொடங்கும்போது பல்குத்தும் குச்சியை எலுமிச்சைச் சாற்றில் தொட்டு வைத்தால், வைத்த இடத்தில் நீலம் ஊதாவாகி, சாறு அதிகமானால் இளஞ்சிவப்பாகிறது. புள்ளி வைத்துக் கோலம் போடலாம், மீன் வரையலாம், பெயர் எழுதலாம். சங்குப்பூவிலுள்ள ஆந்தோசயனின் நிறமி, அமிலம் பட்டதும் தன் மூலக்கூறு அமைப்பை மாற்றிக்கொண்டு வேறு அலைநீள ஒளியை உறிஞ்சுவதன் விளைவு இது. ஆனால் அமிலம் உறைந்த படலத்துக்குள்ளும் மெல்லப் பரவும். ஒரு மணி நேரத்தில் கோடுகள் சில மில்லிமீட்டர் விரிந்து கலங்கிவிடும். அதனால் பரிமாறுவதற்குச் சற்று முன் படலத்தை ஊற்றி வரைவது நல்லது. எலுமிச்சையைக் கடல்பாசியோடு சேர்த்துக் கொதிக்கவிடவும் கூடாது. அமிலமும் சூடும் சேர்ந்தால் சங்கிலிகள் அறுந்து பிடிப்புக் குறைந்துபோகும்.

கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை அடித்து, முட்டை வெண்கரு போல நுரையாக்கி மேலே வைப்பதும் உண்டு. பிரெஞ்சு இசைக்கலைஞர் ஜோயல் ரோசெல் 2014இல் கண்டுபிடித்த உத்தி இது. நுரை அருமையாக வரும். ஆனால் அதைச் சுட்டு மொறுமொறுப்பாக்கி வைத்தால், கடலோர ஊர்களின் ஈரக்காற்றைச் சர்க்கரை உறிஞ்சி, சிறிது நேரத்தில் பிசுபிசுத்துவிடும். மழைக்காலத்தில் அதற்காக மெனக்கெட வேண்டாம் என்பது என் யோசனை.

கடையில் வாங்கித் தூவும் வண்ணமணிகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. அவற்றின் பளபளப்பு பல நேரம் அரக்குப் பூச்சியிலிருந்து வரும் ஷெல்லாக், சேர்க்கைப்பொருள் எண் 904. சில சிவப்புகள் இன்னொரு பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன், எண் 120. உறையிலுள்ள பச்சைப் புள்ளியை நம்பியும் வாங்கிவிடாதீர்கள். பாலும் தேனும் சேர்ந்த பண்டத்துக்கும் அதே புள்ளிதான். வீகன் உணவுக்கென்று இந்தியாவில் 2022இல் தனி விதிமுறையும் தனி முத்திரையும் வந்துவிட்டன, அதைத் தேடுங்கள். விருந்துக்கு வரும் குழந்தைக்குப் பால், முட்டை ஒவ்வாமை இருந்தால் அந்த முத்திரையும் போதாது. அது ஒவ்வாமைக்கான உத்தரவாதம் அல்ல; உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் ஒவ்வாமைக் குறிப்பையும் படித்துவிட்டுத் தூவுங்கள்.