சரிபாதி மொழி, சரிபாதி நேரம்: மயாமியின் இருமொழிப் பள்ளி

ஒரு மொழியைப் பாடமாகக் கற்பிப்பது வேறு. கணக்கையும் அறிவியலையும் அந்த மொழியிலேயே கற்பிப்பது வேறு. இரண்டாவது முறையை இரு மொழிகளிலும் கையாளும் பள்ளியையே, அதாவது இரண்டையும் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளியையே, கல்வியாளர்கள் இருமொழிப் பள்ளி என்பர். ஃபுளோரிடா மாநிலத்தின் மயாமி நகரில் உள்ள கோரல் வே தொடக்கப் பள்ளி, 1963 செப்டம்பரில் ஆங்கிலத்துக்கும் ஸ்பானிய மொழிக்கும் அத்தகைய சம இடம் அளித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் அவ்வாறு செய்த முதல் அரசுப் பள்ளியாக அது கருதப்படுகிறது.

தோன்றிய சூழல்

1959இல் ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சியைக் கைப்பற்றியதும் கியூபாவிலிருந்து பெருந்திரளானோர் மயாமிக்கு வந்தனர். 1960க்கும் 1962க்கும் இடையே பெற்றோர் துணையின்றி அனுப்பப்பட்ட சிறார் மட்டுமே 14,000 பேருக்கு மேல். விரைவில் தாயகம் திரும்பிவிடலாம் என்று பல குடும்பங்கள் நம்பியதால், பிள்ளைகள் ஆங்கிலம் கற்பதைப் போலவே ஸ்பானிய மொழியில் எழுத்தறிவை இழக்காதிருப்பதும் அவர்களுக்கு முக்கியமாயிற்று. வந்தவர்களுள் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் இருந்தது பள்ளிக்கு வாய்ப்பாக அமைந்தது. ஃபோர்டு அறக்கட்டளை நிதி வழங்க, பாலின் ரோஹாஸ் அத்திட்டத்தை வழிநடத்தினார்.

கால அட்டவணை

நாளின் ஒரு பாதியில் தாய்மொழியிலும் மறுபாதியில் மற்ற மொழியிலும் பாடம் நடந்தது. ஒரே ஆசிரியர் இரு மொழிகளையும் கலந்து பேசுவதற்குப் பதிலாக, ஆங்கிலத்தில் கற்பிப்பவரும் ஸ்பானிய மொழியில் கற்பிப்பவரும் இணையாகப் பணியாற்றி, ஒருவர் தொடங்கிய கருத்தை மற்றவர் வலுப்படுத்தினர். இதற்கு இருவரும் அமர்ந்து திட்டமிட நேரம் வேண்டும் என்பதால், கியூபா நாட்டு உதவியாசிரியர்கள் அவ்வேளையில் மாணவர்களை இசை, ஓவியம், விளையாட்டு ஆகியவற்றுக்கு அழைத்துச் சென்றனர். வகுப்பில் மொழிவாரியாகப் பிரிந்திருந்த பிள்ளைகள் ஒன்றுகூடிப் பழகியதும் இத்தகைய வேளைகளிலும் மதிய உணவின்போதுமே.

நேரம் பாதியானால் ஆங்கிலமும் பாதியாகுமே என்ற ஐயம் இயல்பானது. கனடிய ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த விளக்கம் இதற்கு விடை தருகிறது: ஒரு மொழியில் பெற்ற அறிவு மற்ற மொழிக்கும் கடந்து செல்கிறது. கடன் வாங்கிக் கழித்தலை ஸ்பானிய மொழியில் புரிந்துகொண்ட சிறுமி ஆங்கிலத்தில் அதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. அதற்குரிய சொற்களை அறிந்தால் போதும். அன்றாடப் பேச்சு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வசப்படும் என்றும், பாடநூல் மொழியில் தேர்ச்சி பெற 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும் என்றும் அவர் பிரித்துக் காட்டினார்.

அரசியலும் அளவுகோலும்

அரசின் ஆதரவு நிலையாக இருக்கவில்லை. 1968இல் இருமொழிக் கல்விச் சட்டம் கூட்டாட்சி நிதிக்கு வழி திறந்தது. ஆனால் அந்நிதியில் நடந்த திட்டங்களுள் பல, ஆங்கிலம் வந்ததும் தாய்மொழியைக் கைவிடும் இடைக்கால ஏற்பாடுகளாகவே அமைந்தன. மயாமி அடங்கிய டேட் கவுன்டியிலேயே, அரசு அலுவல்களில் ஆங்கிலம் தவிர்த்த மொழிகளைக் கட்டுப்படுத்தும் விதி 1980இல் வாக்கெடுப்பில் நிறைவேறி, 1993இல்தான் நீக்கப்பட்டது. கலிஃபோர்னியா 1998இல் இருமொழிக் கல்வியை வாக்கெடுப்பால் கட்டுப்படுத்தி, 2016இல் மற்றொரு வாக்கெடுப்பால் அத்தடையை விலக்கியது.

இன்று இத்தகைய பள்ளியைத் தொடங்குவோர் முதலில் முடிவு செய்வது நேர விகிதத்தை. கோரல் வே வழியில் 50:50 ஒரு முறை. மழலையர் வகுப்பில் ஸ்பானிய மொழிக்கு 90 விழுக்காடு தந்து, மேல் வகுப்புகளில் படிப்படியாகச் சமநிலைக்கு வரும் 90:10 மற்றொன்று. தொலைக்காட்சி, கடைத்தெரு, வேலைவாய்ப்பு என எங்கும் ஆங்கிலம் கோலோச்சும் நாட்டில், வகுப்பறையில் இரு மொழிகளுக்கும் சம நேரம் தருவதால் மட்டும் சம வலிமை கிட்டிவிடாது என்ற கணிப்பே இரண்டாம் முறையின் அடிப்படை.