பியானோவிலிருந்து மின்னிசைக்கு

உயர்ந்த கலையொன்றில் தேர்ச்சி பெற்றவர், பொதுமக்கள் ஆடிக்களிக்கும் இசையை நாடிச் செல்வது ஏற்றமா, இறக்கமா? இவ்வினாவை ஆராய்வார்க்கு அமெரிக்க இசைவாணர் ஹெர்பி ஹான்காக்கின் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

1940-இல் சிகாகோ நகரில் பிறந்த ஹான்காக், தம் 11-ஆம் வயதிலேயே அந்நகரின் சிம்பொனி இசைக்குழுவுடன் மொசார்ட்டின் இசையைப் பியானோவில் வாசித்தவர். 1963-இல் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிசின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார். மின்பியானோவை அவர் கையாளத் தொடங்கியதும் டேவிசின் தூண்டுதலாலேயே ஆகும்.

1970-களின் தொடக்கத்தில் ஹான்காக் நடத்திய குழுவின் இசை, கட்டுக்கடங்காது வானில் மிதப்பதை ஒத்தது. அறிஞர் பாராட்டினர், கேட்போரோ சிலரே. மண்ணில் கால் ஊன்றிய இசையை அவர் உள்ளம் நாடிற்று. ஸ்லை ஸ்டோன், ஜேம்ஸ் பிரவுன் முதலியோரின் ஃபங்க் இசை அவரை ஈர்த்தது. தாளத்தை முதன்மையாகக் கொண்டு, சிறு இசைத்தொடரைத் திரும்பத் திரும்ப ஒலிப்பதே ஃபங்க்கின் இயல்பு.

இவ்வேட்கையின் விளைவே 1973-இல் வெளிவந்த 'ஹெட் ஹண்டர்ஸ்' இசைத்தட்டு. அதன் முதற்பாடல் 'கமீலியன்', 15 நிமிடத்திற்கு மேல் நீள்வது. அதன் தொடக்கத்தில் ஒலிக்கும் தாழ்சுருதித் தொடரை ஹான்காக் 'ஆர்ப் ஒடிசி' என்னும் சிந்தசைசரில் வாசித்தார். பியானோவில் சுத்தியல் தட்டக் கம்பி அதிர்ந்து ஒலி பிறக்கும். சிந்தசைசரிலோ கம்பியும் இல்லை, சுத்தியலும் இல்லை. மின்சுற்றில் எழும் அலையே வடிகட்டப் பெற்று, ஒலிபெருக்கி வழியே ஒலியாகிறது. ஒலியின் நிறத்தையே வாசிப்பவர் விரும்பியவாறு மாற்றலாம்.

1962-இல் பியானோவில் வாசித்த தம் 'வாட்டர்மெலன் மேன்' பாடலையும் ஹான்காக் இத்தட்டில் புதுக்கினார். அதில் பில் சம்மர்ஸ், நடு ஆப்பிரிக்கக் காட்டுவாழ் மக்களின் இசைமுறையைத் தழுவி, பீர்ப் புட்டியை ஊதி ஒலி எழுப்புகிறார். புதுமையைத் தேடிய இசை, தொன்மையையும் தேடிச் சென்றமை எண்ணத்தக்கது.

இசைத்தட்டு பெருவாரியாக விற்பனையாயிற்று. ஜாஸ் அன்பர் சிலரோ, பொருளுக்காகக் கலையை விற்றார் எனக் குறைகூறினர். ஆயின், ஜாஸின் உயிர் அவ்வப்போது கற்பனையால் இசையைப் படைத்தலே அன்றோ? 'கமீலியன்' பாடலின் பிற்பகுதியில் மின்பியானோவில் ஹான்காக் அதனையே செய்கிறார். மேலும், 1977-இல் டேவிஸ் குழுவின் பழைய தோழர்களுடன் மீண்டும் பியானோவில் ஜாஸ் வாசித்தார். 1983-இல் 'ராக்கிட்' என்னும் மின்னிசைப் பாடலையும் வெளியிட்டார். ஒன்றை ஏற்க மற்றொன்றைத் துறத்தல் வேண்டும் என்று அவர் கருதவில்லை.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் 2007-ஆம் ஆண்டுப் பட்டியலில் 'ஹெட் ஹண்டர்ஸை' சேர்த்தது. கருவி மாறுவதால் கலை தாழ்வதில்லை; கருவியை ஆளும் கற்பனை தளரும்போதே தாழ்கிறது.