மணலில் புதைத்த மூங்கில்

ஒரு புல்லாங்குழல் ஊதவே மூச்சு வாங்குகிறது. ஆயிரம் குழல்களை ஒரே ஆள் வாசிக்க முடியுமா?

முடியும். தேவாலயங்களில் இருக்கிற பைப் ஆர்கன் அப்படிப்பட்டதுதான். துருத்தி காற்றை அனுப்பும். விரலால் ஒரு கட்டையை அழுத்தினால், அதற்குரிய குழாய்க்குக் காற்றின் வழி திறக்கும், குழாய் பாடும். ஐரோப்பாவில் இந்தக் குழாய்களை உலோகத்திலும் மரத்திலும் செய்வார்கள்.

பிலிப்பைன்ஸில், மணிலாவை ஒட்டிய லாஸ் பின்யாஸ் ஊரில், தியேகோ செரா என்ற ஸ்பானியப் பாதிரியார், தன் தேவாலயத்துக்கு ஆர்கன் செய்ய மூங்கிலைக் கையில் எடுத்தார். மூங்கிலைப் பூச்சி அரித்துவிடுமே? அதற்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? வெட்டிய மூங்கில்களைக் கடற்கரை மணலில் மாதக்கணக்கில் புதைத்து வைத்தார்! பிறகு தோண்டி எடுத்து, அரிப்புக்குத் தப்பிய நல்ல மூங்கில்களைக் குழாய்களாக்கினார். எக்காளம் போல முழங்க வேண்டிய குழாய்களை மட்டும் உலோகத்தில் செய்தார்.

1824-ல் வேலை முடிந்தது. நிலநடுக்கத்திலும் புயலிலும் அடிபட்டு, பல ஆண்டுகள் ஊமையாகவும் கிடந்த இந்த வாத்தியம், 1970-களில் ஜெர்மனி வரை போய்ப் பழுது நீங்கித் திரும்பியது. கேட்டுப் பாருங்கள், அத்தனை இதமான நாதம்! அதே தேவாலயத்தில் இன்றும் அந்த மூங்கில்கள் பாடிக்கொண்டிருக்கின்றன.